நடந்து வந்த முதியவர் நடந்தே வீடு திரும்ப வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் மருத்துவம் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை புதிய கட்டிடம், கூடுதல் படுக்கைகள், கருவிகள், சிறப்பு மருத்துவர்கள் ஆகியவற்றைப் பற்றியவை. அவை யாவும் தேவையானவைதாம். ஆனால், அரசு மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அச்செய்திகளில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மருத்துவமனைக்குத் தம் கால்களால் நடந்து வரும் முதியவர்களில் பலர், வந்த நோய் குணமான பின்னரும், மற்றவர் தூக்கிச் செல்லும் நிலையில் வீடு திரும்புகிறார்கள். இதை முதுமையின் இயல்பு என்று குடும்பத்தாரும் ஏற்றுக்கொள்கிறார்கள், நாமும் ஏற்றுக்கொள்கிறோம். இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுப்பதும் முதன்மையாகச் செவிலியர்களின் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் கணிப்பின்படி அது 2021இல் 13.6 விழுக்காடாக உயர்ந்து, 2031இல் 18.2 விழுக்காட்டை எட்டும். முதியோர் மருத்துவத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு வந்தது, 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இருந்தாலும், காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்த ஒரு மூதாட்டி போய்ச் சேரும் இடம் கிண்டி அன்று. தம் ஊருக்கு அருகிலுள்ள தாலுகா மருத்துவமனையின் பொது வார்டு. அங்கே அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருபது வயதுப் பெண் படுத்திருப்பார். இருவருக்கும் ஒரே மாதிரியான கேஸ் ஷீட், ஒரே மாதிரியான கவனிப்பு. இருபது வயதுக்காரருக்குப் பத்து நாள் படுக்கை ஓய்வு. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அதே பத்து நாள், அவரது கால்களின் வலுவையே எடுத்துவிடும் காலம். சராசரியாக 67 வயதுள்ள, நோய் ஏதுமில்லாத தன்னார்வலர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அவர்களின் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அந்த ஆய்வு 2007இல் அமெரிக்காவில் வெளியானது. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த நம் கிராமத்து மூதாட்டிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

என் பணிக்காலத்தின் நடுப்பகுதியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். டெல்டா மாவட்டம் ஒன்றில் நான் இரவுப் பணியில் இருந்தேன். நாற்றுநடவுக்குப் போய்ப் பழகிய, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். பகலில் அமைதியாக இருந்தவர், இரவு பதினொரு மணிக்கு மேல் எழுந்து உட்கார்ந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், களத்தில் நெல் நனைகிறது என்று பதறினார். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். அன்றிரவு வார்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள். செவிலியர் நான் ஒருத்திதான். கட்டுத் துணியால் அவருடைய இரு கைகளையும் கட்டிலின் கம்பியில் கட்டினேன். காலையில் மணிக்கட்டு இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவருடைய மகள், 'எங்கம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா சிஸ்டர்?' என்று என்னிடம் கேட்டார். எனக்கு அன்று சரியான பதில் தெரியவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த மஞ்சள் பையில் அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி இருந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தோம். அதை மாட்டிவிட்டு, மகளை எதிரில் உட்கார்ந்து பேசச் சொன்னபோது பதற்றம் ஓரளவு தணிந்தது. தொற்று குறையக் குறையத் தெளிவும் வந்தது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு நாட்கள் படுக்கையில் கழிந்துவிட்டன. அவரை இருவர் தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள். அந்த மணிக்கட்டுகளை நான் இன்றும் மறக்கவில்லை.

அவருக்கு வந்தது பைத்தியமன்று. உடல்நோயால் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை அது. மருத்துவத்தில் டெலீரியம் என்பார்கள். முதியவர்களுக்கு நுரையீரல் தொற்றோ சிறுநீர்த் தொற்றோ வரும்போது காய்ச்சலே இல்லாமல் இந்தக் குழப்பம் மட்டும் முதல் அறிகுறியாகத் தோன்றுவதுண்டு. பிதற்றுபவர்களை எல்லோரும் கவனித்துவிடுகிறோம். இதன் இன்னொரு வடிவத்தில் முதியவர் சத்தமின்றித் தூங்கிக்கொண்டே இருப்பார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுவார். 'தொந்தரவே தராத பாட்டி' என்று பெயர் வாங்குவார். இவர்களைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். ஒரு பணிநேரத்துக்கு ஒருமுறை, கிழமைகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை. நேற்று ஞாயிறு, சனி, வெள்ளி என்று ஒழுங்காகச் சொன்னவர் இன்று இரண்டாவதிலேயே தடுமாறினால், ஏதோ நடந்திருக்கிறது என்று மருத்துவரை அழைக்க வேண்டும்.

இதைத் தடுக்க விலையுயர்ந்த மருந்து எதுவும் வேண்டாம். 1999இல் வெளியான, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் மருத்துவமனையில் மருத்துவர் ஷாரன் இனூயி தலைமையில், 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் செய்யப்பட்டவை எல்லாம் எளிய வேலைகள்: இன்று என்ன நாள், இது எந்த இடம் என்று அவ்வப்போது நினைவூட்டுதல், நாளுக்குச் சிலமுறை எழுப்பி நடக்க வைத்தல், கண்ணாடியையும் காதுக்கருவியையும் அணிவித்தல், தண்ணீர் குடிக்க வைத்தல், இரவில் விளக்கையும் சத்தத்தையும் குறைத்துத் தூங்கவிடுதல். வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு வந்த குழப்பம், இவ்வாறு கவனிக்கப்பட்டவர்களில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. அங்கே இந்த வேலைகளில் பலவற்றைச் செய்தவர்கள், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

இந்த இடத்தில்தான் நம் மருத்துவமனைகளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருப்பதாக நான் கருதுகிறேன். தன்னார்வலர்களைத் தேடிப் போக வேண்டிய நிலை நமக்கு இல்லை. நம் வார்டுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டிலுக்கும் அருகில் ஒரு மகளோ மருமகளோ பேத்தியோ பாயை விரித்துக்கொண்டு இருக்கிறார். வார்டு ரவுண்ட்ஸ் நேரத்தில் அவர்களை வெளியே போகச் சொல்கிறோம். பாஸ் இருக்கிறதா என்று கேட்கிறோம். மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். அவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்காததால், அன்பின் மிகுதியால் அவர்கள் செய்வதே சிலசமயம் கேடாக முடிகிறது. 'நீ படுத்துக்கோ ஆத்தா, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்' என்று சோற்றைப் படுத்த நிலையிலேயே ஊட்டுவார்கள்; அது புரைக்கேறி நுரையீரலுக்குள் போய்விடும். நேராக நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு கவளமாகக் கொடுத்து, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவிடாமல் இருக்க வேண்டும் என்பதை ஒரு செவிலியர் சேர்க்கையன்றே ஐந்து நிமிடத்தில் செய்து காட்டிவிடலாம். எப்படிக் கைத்தாங்கலாக எழுப்புவது, முதலில் கட்டிலில் உட்காரவைத்துச் சற்றுப் பொறுத்து நிற்கவைப்பது, எத்தனை அடி நடக்கவிடுவது என்பவற்றையும் அப்படியே காட்டலாம். துணைக்கு ஆளில்லாமல் 108 ஆம்புலன்ஸில் வந்து சேரும் முதியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். யார் யாருக்குத் துணையில்லை என்று பணி மாறும்போது ஒரு செவிலியர் அடுத்தவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். செவிலியரின் கைகள் முதலில் போக வேண்டிய கட்டில்கள் அவை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார்டில் இருக்கும் மூதாட்டிகள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. முதுமையில் தாகம் குறைவது ஒரு காரணம் என்றாலும், எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற அச்சமே பெரிய காரணம். கழிப்பறை வார்டின் கடைசியில் இருக்கும். தரை ஈரமாக இருக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. மூட்டுவலியோடு குந்தி உட்கார வேண்டியிருக்கும். மருமகளை எழுப்பித் துணைக்குக் கூப்பிடக் கூச்சப்படுவார்கள். ஆகவே தொண்டையை நனைக்க ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடுவார்கள். நீர் வற்றினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல், குழப்பம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். படுக்கையை நனைத்துவிட்டால், நாம் வேலை எளிதாகட்டும் என்று சிறுநீர்க் குழாயைப் போட்டுவிடுகிறோம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வழி கூடுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வெட்கப்பட்டு அவர் நடப்பதையும் நிறுத்திவிடுகிறார். மாறாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் கேட்பதற்கு முன்பே நாமே போய், 'வாங்கம்மா, பாத்ரூம் போயிட்டு வந்துடலாம்' என்று அழைத்துச் சென்றால் குழாயின் தேவை வெகுவாகக் குறையும். அந்த நடையே அவருக்குப் பயிற்சியும் ஆகும். குழாய் போட்டே ஆக வேண்டியவர்களுக்கு, 'இன்றும் இது தேவையா?' என்று தினமும் காலையில் மருத்துவரிடம் கேட்கும் பொறுப்பைச் செவிலியருக்கு எழுத்துமூலம் கொடுக்க வேண்டும்.

படுக்கைப் புண்ணைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அது எல்லோரும் அறிந்தது. நாங்கள் பயின்ற காலத்தில் முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டுத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் 1962இலேயே இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர், தடவும் பொருள்களைவிட அழுத்தத்தை நீக்குவதே முக்கியம் என்பதைத் தம் ஆய்வில் நிறுவி, யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோலையும் தந்திருந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் சேர்த்து இருபது மதிப்பெண். பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் எச்சரிக்கை. செவிலியர் ஒருவர் செவிலியர்களுக்காகக் கண்டறிந்த, காகிதமும் பேனாவும் மட்டும் வேண்டிய இந்த அளவுகோல், நான் பணியாற்றிய வார்டுகளில் பயிற்சி மாணவியரின் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. நோயாளியின் கேஸ் ஷீட்டில் இல்லை.

இதைப் படிக்கும் பணியிலுள்ள செவிலியர்கள், 'ஒரே ஆளாக ஐம்பது பேரைப் பார்க்கும்போது யாரைக் கைத்தாங்கலாக நடத்துவது?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. இருபது ஆண்டுகள் நானும் அதைத்தான் கேட்டேன். பொது வார்டில் ஆறு படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. அதற்கு எட்டாத தூரத்தில் நம் இரவு வார்டுகள் இருக்கின்றன. தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டு, பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடும் செவிலியர்களிடம் கூடுதல் பொறுப்பை மட்டும் சுமத்துவது அறமாகாது. காலியிடங்களை நிரப்புவதும் நிரந்தரமாக்குவதும் முதலில் நடக்க வேண்டியவை. ஆனால் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்கிறேன். எங்கள் நேரத்தின் பெரும்பகுதி பதிவேடுகளிலேயே போனது. ஊசி போட்டது, மருந்து கொடுத்தது, பிரஷர் பார்த்தது, மருந்தும் பொருளும் கேட்டு இன்டென்ட் எழுதியது எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. ஒரு முதியவரை எழுப்பி நடக்க வைத்ததற்குப் பதிவேடு கிடையாது. எழுதப்படாத வேலையை யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத வேலை, ஆள் குறையும்போது முதலில் கைவிடப்படுகிறது. இதில் செவிலியர்களின் மனப்பான்மையைக் குறை சொல்வதைவிட, நம் கேஸ் ஷீட்டைத் திருத்துவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளும் இதே அளவு ஆபத்தானது. டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாங்கிப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரை இருக்கும். நடுவில் தனியார் மருத்துவர் எழுதிக் கடையில் வாங்கிய அதே மருந்து வேறு பெயரில் இருக்கும். இப்போது மூன்றாவதாக நம் உறை. மூன்றையும் போட்டுக்கொள்ளும் முதியவர் விடியற்காலையில் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து விழுகிறார். இடுப்பு எலும்பு முறிவோடு அதே வார்டுக்குத் திரும்பி வருகிறார். என் தந்தைக்கே இது நேர்ந்தது. செவிலியரின் வீட்டிலேயே ஒரே மருந்து இரண்டு பெயர்களில் பதினெட்டு நாட்கள் கொடுக்கப்பட்டது. அதனால்தான், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, செவிலியர் அவற்றைப் பரப்பி வைத்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பிரஷர் பார்த்து, மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

வீட்டுக்குச் சென்ற பின் ஒரு செவிலியர் தொடர்ந்து கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பென்சில்வேனியாவில் மேரி நேலர் என்ற செவிலியப் பேராசிரியர், 65 வயதைக் கடந்த 363 நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலேயே அறிமுகமான செவிலியர் வீடு வரை சென்று பார்த்தவர்களில் 20.3 விழுக்காட்டினரே 24 வாரங்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டனர். மற்றவர்களில் அது 37.1 விழுக்காடு. இதற்கு நாம் புதிய திட்டம் வகுக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். தீராத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே செல்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதை 2024இல் பெற்ற திட்டம் இது. மருத்துவமனை வார்டுக்கும் இந்த வட்டாரச் செவிலியருக்கும் இடையே உறுதியான இணைப்பு வேண்டும் என்பதே என் கவலை. முதியவர் வீட்டுக்குப் புறப்படும் அன்றே வார்டு செவிலியர் வட்டாரச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து, பெயர், ஊர், மருந்து, நடை எப்படி இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற ஐந்தையும் சொல்ல வேண்டும். மூன்று நாட்களுக்குள் முதல் வருகை நடக்க வேண்டும்.

மாத்திரை கொடுக்கச் செல்லும் தன்னார்வலர்களும் இன்னும் சிலவற்றைப் பார்த்து வரலாம். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கென வகுத்துள்ள எளிய பரிசோதனையில், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 14 விநாடிக்குள் முடிகிறதா, கடந்த மூன்று மாதங்களில் தம்மையறியாமல் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, சொன்ன மூன்று சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பன போன்ற கேள்விகள் உள்ளன. பள்ளிப்படிப்பு முடித்த எவரும் இவற்றைச் செய்துவிட முடியும். திண்ணையிலும் தரையிலும் உட்கார்ந்தே வாழ்ந்த நம் முதியவர்களுக்கு நாற்காலிக் கணக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை நம் செவிலியக் கல்லூரிகள் ஆராய்ந்து பார்க்கட்டும்; ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கூடுதல் வேலைக்குத் தன்னார்வலர்களின் ஊக்கத்தொகையையும் உயர்த்தியே தர வேண்டும்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். 60 வயதைக் கடந்த ஒவ்வொரு நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் செவிலியர் நிரப்புவதற்கென்று ஒரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும். வருவதற்கு முன் வீட்டில் எப்படி நடந்தார் என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும். இன்று எத்தனை முறை நடந்தார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், கண்ணாடியும் காதுக்கருவியும் பல்செட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, கிழமைகளைச் சொன்னாரா, குழாய் இன்னும் தேவையா என்பவை அடுத்தடுத்த வரிகளாக இருக்கட்டும். வீட்டுக்குப் போகும் நாளில் எப்படி நடந்தார் என்பது கடைசி வரியாக இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு ஈடாக, ஒன்றையே இரண்டு மூன்று இடங்களில் எழுதவைக்கும் பழைய பதிவேடுகளை நீக்கிவிட வேண்டும். முதல் வரியும் கடைசி வரியும் எத்தனை பேருக்கு ஒத்துப்போகின்றன என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் கணக்கெடுத்து, பிரசவங்களின் எண்ணிக்கையைப் போல மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். முதலில் ஒரு மாவட்டத்தின் தாலுகா மருத்துவமனைகளில் ஆறு மாதம் செய்து பார்க்கலாம்.

கைத்தாங்கலாக எழுப்புவதையும், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவதையும் உடனிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று துறை கருதினால், ஓய்வு பெற்ற செவிலியர்களாகிய எங்களை அழைக்கட்டும். எங்கள் ஊரில் மட்டும் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஏழு பேர் இருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு முற்பகல் வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஊதியம் வேண்டாம், வார்டுக்குள் செல்வதற்கு ஓர் அனுமதிக் கடிதம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியக் கண்காணிப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்.